83-இலிருந்து 91: இந்த உயர்வு முன்னேற்றம்தானா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. வாசிப்பதில் பின்தங்குகிறான். சென்ற ஆண்டு ஒரு மையத்தில் ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுச் சோதனையில் 83 என்று வந்தது. அதன் பிறகு நினைவாற்றல் பயிற்சியில் சேர்த்தோம். எட்டு மாதம் கழித்து வேறொரு மையத்தில் தமிழில் சோதித்தபோது 91 வந்திருக்கிறது. பயிற்சி பலித்துவிட்டது, தொடருங்கள் என்கிறார் பயிற்சியாளர். கற்றல் குறைபாட்டுக்கான சலுகை பெற 85-க்கு மேல் வேண்டும் என்கிறது பள்ளி. எந்த எண்ணை நம்புவது?

பதில்: இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஆனால் எட்டுப் புள்ளி உயர்ந்திருப்பதை மட்டும் வைத்துப் பயிற்சி பலித்தது என்று சொல்ல முடியாது.

நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.கியூ., சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாகச் சிதறும் அளவு) 15 என்று அமைத்துக்கொண்ட அளவுகோலில் கிடைக்கும் எண். ஒரே குழந்தையை வேறு வேறு நாட்களில் சோதித்தால் தூக்கம், பசி, பதற்றம், சோதிப்பவரின் அணுகுமுறை ஆகியவற்றுக்கு ஏற்ப அது கூடும், குறையும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட ஒரு வழி உண்டு: சோதனையின் நம்பகத்தன்மைக் கெழுவை (மறுபடி சோதித்தால் முடிவு எவ்வளவு ஒத்துவரும் என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 1-இலிருந்து கழித்து, வரும் எண்ணின் வர்க்கமூலத்தைத் திட்ட விலக்கத்தால் பெருக்க வேண்டும். கெழு 0.90 என்று வைத்துக்கொண்டால் அளவீட்டின் திட்டப் பிழை 4.7 புள்ளி ஆகிறது. 95 சதவீத உறுதியோடு பேச வேண்டுமானால் அதை ஏறத்தாழ இரண்டால் பெருக்க வேண்டும்; அப்போது உங்கள் மகனின் 83 என்பது 74-க்கும் 92-க்கும் இடைப்பட்ட ஒரு நிலை என்றே பொருள்படும். 91 அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு சோதனைகளை ஒப்பிடும்போது பிழை இரண்டு பக்கமும் இருப்பதால் எல்லை இன்னும் விரிகிறது. அதே கெழுவுக்கு, இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே 13 புள்ளி வேறுபாடு இருந்தால்தான் அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பில்லை என்று துணிந்து கூற இயலும். கெழு 0.95 என்று தாராளமாக வைத்தாலும் 9 புள்ளிக்கு மேல் வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருப்பது 8.

அந்த எட்டிலும் ஒரு பகுதி பயிற்சியே இல்லாமல் வந்திருக்கக்கூடும். சராசரியைவிடக் குறைவாக வந்த மதிப்பெண் மறுசோதனையில் சற்று மேலேறுவது இயல்பு. 83-க்கு இது ஏறத்தாழ 2 புள்ளி. இதே வகைக் கேள்விகளை ஏற்கெனவே பார்த்திருப்பதாலும், குறிப்பாகக் கட்டைகளை அடுக்குவது, படங்களை முழுமையாக்குவது போன்ற பகுதிகளில், சில புள்ளிகள் கூடுவதுண்டு.

இரண்டு மையங்களிலும் ஒரே சோதனைதான் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இதை முதலில் கேட்டறியுங்கள். நம் நாட்டில் பினே-காமத் சோதனையும் மாலின் சோதனையும் பரவலாகப் புழங்குகின்றன. முன்னதை வி.வி. காமத் 1930-களில் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக வடிவமைத்தார். பின்னது அமெரிக்க உளவியலர் வெக்ஸ்லர் உருவாக்கிய சோதனையின் இந்திய வடிவம், 1969-இல் வந்தது. பினே மரபில் மனவயதை (எந்த வயதினருக்குரிய கேள்விகள் வரை குழந்தை விடை சொல்கிறதோ அந்த வயதை) உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். வெக்ஸ்லர் 1939-இல் கொண்டுவந்த முறையிலோ, சம வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கணக்கு. ஆகவே இரண்டிலும் 91 என்று வந்தாலும் அது ஒரே 91 அல்ல. ஒப்பீட்டு அட்டவணை (சம வயதினர் பலரைச் சோதித்து, மதிப்பெண் போடுவதற்காகத் தயாரித்த பட்டியல்) எவ்வளவு பழையது என்பதும் முக்கியம்: அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் மதிப்பெண்கள் உயர்ந்துவந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். நம் ஊரிலும் அப்படி உயர்ந்திருந்தால், பழைய அட்டவணை இன்றைய குழந்தைகளுக்குக் கூடுதல் மதிப்பெண்ணையே தந்துகொண்டிருக்கும்.

அடுத்தது மொழி. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு ஆங்கிலச் சொற்பொருள் கேள்விகள் பாதகமானவை என்பது வெளிப்படை. நான் இங்கே சொல்ல விரும்புவது அவ்வளவு எளிதில் கண்ணில் படாத ஒன்று. இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியில், இலக்கங்களை உச்சரிக்க ஆகும் நேரமும் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது. வேல்ஸ் நாட்டில் இருமொழி பேசுவோரை ஆராய்ந்த எல்லிஸ், ஹென்னெல்லி ஆகியோர் 1980-இல் இதைத்தான் கண்டார்கள்: உச்சரிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும் வேல்ஷ் மொழி இலக்கங்களில், அதே நபர்கள் ஆங்கிலத்தைவிடக் குறைவாகவே நினைவில் வைத்துச் சொன்னார்கள். நினைவாற்றலில் குறை இல்லை. நாவுக்கு நேரம் பிடித்தது, அவ்வளவே. தமிழ் இலக்கங்களும் ஆங்கில இலக்கங்களைவிட நீளமானவை. எனவே ஆங்கில அட்டவணையை வைத்துத் தமிழில் நடத்தும் சோதனையில் சொற்பொருள் பகுதி உயர்ந்து, இலக்கப் பகுதி தாழ்வதற்கு வாய்ப்புண்டு. மொத்த மதிப்பெண் இதை மறைத்துவிடும். இரண்டு அறிக்கைகளிலும் உட்சோதனை வாரியான மதிப்பெண்களைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். உயர்வு முழுவதும் சொற்பொருள், பொது அறிவு ஆகியவற்றில் மட்டும் இருந்தால், அதற்குக் காரணம் பயிற்சியைவிட மொழி மாற்றமாகவே இருக்கக்கூடும்.

சோதனை நடந்த அறையையும் விசாரியுங்கள். பாட நேரத்தில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டுப் பரிந்துரை. சாலையோர மாடியில், மின்விசிறிக்கு அடியில் அது கைகூடுவது கடினம். நெடுநாள் இரைச்சல் கற்றலையே பாதிக்கும் என்பதற்கு ம்யூனிக் விமான நிலையம் சான்று: 1992-இல் பழைய நிலையம் மூடப்பட்ட பின் அதன் அருகில் வசித்த குழந்தைகளின் நீண்டகால நினைவும் வாசிப்பும் மேம்பட்டன, புதிய நிலையத்துக்கு அருகில் வசித்தவர்களுக்கு அவை சரிந்தன.

பயிற்சியைப் பொறுத்தவரை என் கருத்து இது. நினைவாற்றல் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மெல்பி-லெர்வாக், ஹியூம் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், அவை வாசிப்புத் திறனை உயர்த்துவதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. உங்கள் மகனின் சிக்கல் வாசிப்பு என்பதால் வாசிப்பையே அளவிடுங்கள். அவன் வகுப்புக்கு ஏற்ற, ஒரே கடின அளவுள்ள, முன்பு படித்திராத பத்திகளைத் திரட்டி, வாரம் ஒரு நாள் மூன்று பத்திகளைப் பத்திக்கு ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணி, மூன்றில் நடுவில் வரும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வாரப் புள்ளிகளை வரைபடத்தில் இட்டால், ஒரு வாரத்துக்கும் மறு வாரத்துக்கும் இடையே எவ்வளவு ஆடுகிறது என்பது தெரியும். அந்த ஆட்டத்தையும் தாண்டிக் கோடு ஏறினால்தான் அது முன்னேற்றம். பயிற்சிக்குக் கட்டும் பணத்தை ஒலிப்பு, எழுத்து, சொல் என்று படிப்படியாக வாசிப்பையே கற்பிக்கும் சிறப்பு ஆசிரியரிடம் செலவிடுவது மேல்.

சலுகைக்கான 85 குறித்து: முதல் சோதனையில் வந்த 83-ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும், உண்மை நிலை 85-க்கு மேல் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. பொதுவான குழந்தைகளின் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு இது. வாசிப்புச் சிக்கலுக்காக அனுப்பப்படும் குழந்தைகளின் சராசரி தாழ்ந்திருந்தால் வாய்ப்பு சற்றுக் குறையும். ஆகவே 91-ஐ மட்டும் காட்டி 83-ஐ மறைக்க வேண்டிய தேவை இல்லை. இரண்டு அறிக்கைகளையும், சோதனை நடந்த மொழி, தேதி, பிழை எல்லை ஆகிய விவரங்களோடு சான்றளிக்கும் குழுவிடம் கொடுங்கள். பிழை எல்லை அச்சிடப்படாத அறிக்கை என்றால் அதை எழுதித் தருமாறு உளவியலரிடம் கேளுங்கள். மூன்றாவது சோதனை தேவைப்பட்டால் ஓராண்டு இடைவெளி விட்டு, அதே சோதனையை, அவன் நன்கு பேசும் மொழியில், காலை நேரத்தில் நடத்தச் சொல்லுங்கள்.