சவர பிரஷின் மரக் கைப்பிடி: கேள்வி பதில்

கேள்வி: வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. முடிக்கற்றை செருகியிருக்கும் வாய்ப்பகுதியில் கைப்பிடி மெல்லிய கோடாக வெடித்திருக்கிறது. மட்டமான மரமா?

பதில்: மரத்தைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர் எங்கே நுழைந்தது என்று பாருங்கள். நார் நெடுக்கில் ஓடும்படி வைத்துக் கைப்பிடியைக் கடைவதால், அறுபட்ட நார்முனைகள் வாயிலும் அடியிலும் வெளிப்படுகின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அவை ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய மரம் நெடுக்கில் அநேகமாக நீளாது, குறுக்கில்தான் உப்பும். காயும்போது திரும்பச் சுருங்க முற்படும் மெல்லிய வாய்ச்சுவருக்கு, முடிக்கற்றையைப் பிடித்தபடி உள்ளே சுருங்காமல் நிற்கும் பசைக்கட்டி இடம் கொடுப்பதில்லை; ஆகவே சுவர் பிளக்கிறது. வாய் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வார்னிஷ் உரிந்த இடம் சொரசொரப்பாகத் தட்டுப்படும்.

கேள்வி: எந்த மரம் நல்லது?

பதில்: என் தேர்வு தேக்கு, அதுவும் வைரம் பாய்ந்த பகுதி. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் காயும்போது, மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் தேக்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான் சுருங்கும். ஐரோப்பிய பிரஷ்களில் பெயின்ட் அடித்து வரும் பீச் (beech) மரமோ 12 சதவீதம் வரை சுருங்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையால் முடிக்கற்றையை ஒட்டும் எபாக்ஸி பசை சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் துளையை அசிட்டோனால் துடைக்க வேண்டும். கருங்காலி பார்க்க அழகுதான், ஆனால் வெடிப்பு விடும் குணம் அதற்கு உண்டு.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவி வரலாமா?

பதில்: வேண்டாம், அது காயாத எண்ணெய், பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும். துடைத்த துணியை மட்டும் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

கேள்வி: தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. நன்றாக உதறி, வாய் விளிம்பைத் துண்டால் ஒற்றி, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தாலே போதும். மக்கில் ஊறவைக்கும்போது முடி மட்டும் நனையட்டும்.

கேள்வி: வெடித்ததைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: இரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு, தண்ணீர்போல் இளகி ஓடும் வகை சூப்பர் குளூவை வெடிப்பில் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். இறுகியதும் 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, வாய் விளிம்பையும் அடியையும் விடாமல் மூன்று பூச்சு வார்னிஷ் கொடுங்கள். பிளவு துளையின் ஆழம் வரை இறங்கியிருந்தால், முடிக்கற்றையைப் பெயர்த்தெடுத்துப் புதுக் கைப்பிடி கடைந்து கொள்வதே மேல்.