அமெரிக்காவிலிருந்து 1,000 டாலர் அனுப்பினார்கள். எட்டு நாள் கழித்து 81,838 ரூபாய்தான் வந்தது. மீதி எங்கே போனது, ஏன் இவ்வளவு தாமதம்?

இப்படிக் கேட்டவர் சொன்ன விவரம்: கோவையிலிருந்து ஃப்ரீலான்ஸ் மென்பொருள் வேலை, கிளையன்ட் தன் வங்கியிலிருந்து வயர் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடிப் பரிமாற்றம்) அனுப்பியிருக்கிறார், அன்றைய சந்தை விலை டாலருக்கு 85 ரூபாய். அந்தக் கணக்குப்படி 85,000 வந்திருக்க வேண்டும். 3,162 ரூபாய் குறைகிறது.

நாலு இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டுதான் உங்கள் ஸ்டேட்மென்டில் தெரியும். தெரியாத இரண்டும்தான் பெரியவை.

ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலையமைப்பு. அதன் வழியாகப் பணம் பறந்து வருவதில்லை, செய்திதான் வருகிறது. உங்கள் வங்கி நியூயார்க்கில் ஏதோ ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். அதை நாஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். கிளையன்ட்டின் வங்கி அங்கே பணத்தைச் சேர்க்கும், உங்கள் வங்கி இங்கே ரூபாயாக வரவு வைக்கும். நடுவில் நிற்கும் அந்த வங்கி தன் கூலியை வரும் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். பெரும்பாலும் 10 முதல் 30 டாலர். உங்கள் விஷயத்தில் 20 டாலர் போயிருந்தால் உங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்ததே 980 டாலர்தான். அதாவது 1,700 ரூபாய் இந்தியாவுக்கு வரும் முன்பே காலி. இதற்காகக் கிளை மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அந்த 20 டாலரை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாவது, ரேட். கூகுள் காட்டும் விலைக்கு எந்த வங்கியும் டாலர் வாங்காது. டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட் என்று ஒன்று வைத்திருப்பார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை வங்கி வாங்கும் விலை. அது 83.90 என்றால் 980 டாலருக்கு 82,222 ரூபாய். டாலருக்கு 1.10 ரூபாய் வித்தியாசம், மொத்தம் 1,078 ரூபாய். இதற்கு ரசீதும் கிடையாது, கட்டணம் என்ற பெயரும் கிடையாது.

மூன்றாவது, அந்நியச் செலாவணி மாற்றத்துக்கான ஜிஎஸ்டி. முழுத் தொகைக்கும் 18% என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையின் 1% மட்டுமே (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். 18% அந்த மதிப்புக்குத்தான். 82,222-க்கு 1% 822 ரூபாய், அதற்கு வரி 148 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை, 1,000 ரூபாயோடு கூடுதல் தொகைக்கு 0.5% சேர்த்தால் மதிப்பு வரும். நாலாவது, வங்கியின் சொந்தக் கட்டணம்: 200 ரூபாயும் அதன் ஜிஎஸ்டி 36 ரூபாயும். 1,700 + 1,078 + 148 + 236 = 3,162. கணக்கு சரியாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நடுவங்கி எடுப்பது தொகை எதுவானாலும் ஏறக்குறைய ஒரே அளவு. ரேட்டில் போவது தொகையோடு சேர்ந்து வளரும். அதே ரேட்டில் 5,000 டாலர் வந்திருந்தால் நடுவங்கிக்கு அதே 1,700 ரூபாய், ரேட்டில் 5,478 ரூபாய். அதனால் 200, 300 டாலர் இன்வாய்ஸ்களைத் தனித்தனியாக வாங்காமல் மாதம் ஒருமுறை சேர்த்து வாங்குங்கள். தொகை பெரிதானால் ரேட்டைப் பேரம் பேசுங்கள். பணம் மாற்றப்படும் முன் ஃபாரெக்ஸ் பிரிவுக்குப் போன் செய்து ஸ்பெஷல் ரேட் கேட்டால் பல வங்கிகளில் கொடுப்பார்கள். கேட்காதவர்களுக்கு கார்டு ரேட்தான், அதாவது எல்லோருக்கும் பொதுவாக வங்கி அறிவிக்கும் விலை. தானாக மாற்றி வரவு வைக்கும் வசதியை ஆன் செய்துவைத்துவிட்டு, பிறகு போன் செய்து பயனில்லை.

கட்டணம் யாருக்கு என்பதற்கு கிளையன்ட் பக்கம் மூன்று தேர்வு இருக்கும்: 'அவர்' (OUR), 'ஷா' (SHA), 'பென்' (BEN). 'அவர்' என்றால் செலவு முழுக்க அனுப்புகிறவருக்கு. 'ஷா' என்றால் ஆளுக்குப் பாதி என்று நினைக்காதீர்கள். கிளையன்ட் வங்கியின் கட்டணம் கிளையன்ட்டுக்கு, அதற்குப் பிறகு வரும் எல்லாம் உங்களுக்கு. 'பென்' என்றால் எல்லாமே உங்கள் தலையில். 'அவர்' போட்டும் சில சமயம் நடுவங்கி கழிக்கிறது, ஆனால் அப்போது கேள்வி கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கும். இன்னொன்று: டாலராகவே அனுப்பச் சொல்லுங்கள். 'ரூபாயாக அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாற்றும் வேலை அமெரிக்க வங்கிக்குப் போய்விடும். அந்த ரேட்டைப் பார்த்தால் நம் வங்கி தங்கமானது என்று தோன்றும்.

இனி தாமதம். வழியில் ஆகும் நேரம் சாதாரணமாக ஒன்று அல்லது இரண்டு வேலை நாள். கலிஃபோர்னியாவில் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியது அங்கே திங்கள்கிழமைதான் நகரும், இங்கே செவ்வாய். உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் வேலை மும்பையில் நடந்தால் அங்கத்திய விடுமுறையும் சேரும். பிப்ரவரி 19, சிவாஜி ஜெயந்தி அன்று கோவைக் கிளை திறந்திருக்கும், மும்பை ஃபாரெக்ஸ் பிரிவு மூடியிருக்கும். ஆனால் எட்டு நாள் என்றால் பணம் வழியில் இல்லை; பெரும்பாலும் உங்கள் வங்கியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பர்பஸ் கோட் (பணம் எதற்காக வருகிறது என்பதைச் சொல்லும் குறியீடு) கேட்டு உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கும், அது ஸ்பேமில் கிடக்கும். பதிலோடு இன்வாய்ஸ் போகும்வரை வரவு வைக்க மாட்டார்கள்.

மென்பொருள் ஆலோசனைக்கு பி0802, நிர்வாக ஆலோசனைக்கு பி1006. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்புவது பி1301. கேள்வி கேட்காமல் பணம் வந்துவிடும் என்று வேலைக் கூலிக்கு பி1301 போடச் சொல்லும் அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது. செய்யாதீர்கள். நாளைக்குச் சேவை ஏற்றுமதி என்று ஜிஎஸ்டியில் காட்ட, வங்கி தரும் உள்வரவுச் சான்றுதான் ஆதாரம். அதில் குடும்பச் செலவு என்று இருந்தால் அது வெறும் காகிதம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல்: இனிஷியல். வங்கிக் கணக்கில் 'கே. செந்தில்குமார்', பான் அட்டையில் 'செந்தில்குமார் கந்தசாமி', கிளையன்ட் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. அவர் 'செந்தில்' என்று ஒன்றிலும் 'குமார்' என்று மற்றொன்றிலும் போட்டு அனுப்புவார். கணக்கு எண் சரியாக இருந்தும் பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்துவார்கள். போதாததற்கு, அமெரிக்கத் தடைப்பட்டியலில் உள்ள ஏதோ ஒரு பெயரோடு அரைகுறைப் பெயர் ஒத்துப்போனால் நடுவங்கியும் நிறுத்தி விளக்கம் கேட்கும். பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ, புள்ளியும் இடைவெளியும் உட்பட, அதே பெயரை இன்வாய்ஸில் போடுங்கள்.

கணக்கு விவரத்திலும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. ஐஎஃப்எஸ்சி வேறு, ஸ்விஃப்ட் கோட் வேறு. முன்னது 11 எழுத்து, ஐந்தாவது பூஜ்ஜியம். பின்னது 8 அல்லது 11: வங்கி, நாடு, ஊர், விருப்பமானால் கிளை. உங்கள் கிளைக்கென்று ஸ்விஃப்ட் கோட் இல்லாவிட்டால் வங்கி சொல்லும் முதன்மை ஸ்விஃப்ட் கோட் எதுவோ அதைக் கொடுங்கள். இந்தியாவில் ஐபான் (சர்வதேச வடிவில் எழுதிய கணக்கு எண்) கிடையாது, அந்தப் பெட்டியில் கணக்கு எண்ணை மட்டும் போடலாம். ஒன்பது இலக்க ரவுட்டிங் எண் (அமெரிக்க வங்கிகளின் அடையாள எண்) கேட்டால் அது நடுவங்கிக்கானது. வங்கித் தளத்தில் போட்டிருக்கும் நாஸ்ட்ரோ கணக்கு எண்ணை, பெறுபவர் கணக்கு எண் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பணம் வங்கியின் சொந்தக் கணக்கில் பெயரில்லாமல் விழுந்து, தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

மூன்று வேலை நாள் தாண்டியும் வரவில்லையா? 'அனுப்பிவிட்டேன்' என்ற ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் யுஇடிஆர் எண்ணையும் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண்) கேளுங்கள். அந்த எண் நடுவில் வரும் ஹைஃபன்களோடு சேர்த்து 36 எழுத்து. அது கையில் இருந்தால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது, யார் எவ்வளவு கழித்தார்கள் என்று உங்கள் வங்கியே பார்த்துச் சொல்ல முடியும். பழைய வடிவ நகலில் 71ஏ என்ற இடத்தில் செலவு யாருக்கு என்பதும், 71எஃப்-ல் கழித்த தொகையும் இருக்கும். 2025 நவம்பருக்குப் பிறகு வரும் புதிய வடிவத்தில் 'அவர்' என்பதற்கு டிஇபிடி, 'ஷா'வுக்கு எஸ்எச்ஏஆர், 'பென்' என்பதற்கு சிஆர்இடி என்று இருக்கும்.

உள்ளூர் அமெரிக்கக் கணக்கு எண் தரும் நிறுவனங்கள், பேபால் போன்றவை எல்லாம் கட்டணத்தை வேறு வேறு இடத்தில் ஒளித்துவைப்பவை. விளம்பரத்தைப் படிக்க வேண்டாம். கைக்கு வந்த ரூபாயை இன்வாய்ஸ் டாலரால் வகுங்கள். உங்களுக்கு 81.84 வந்திருக்கிறது. வேறு வழியில் அதே நாளில் 83 வந்தால் அது மேல்.

பெயரோ எண்ணோ தப்பாகிப் பணம் நின்றால், 'திருப்பி அனுப்பிவிடுங்கள், மறுபடி அனுப்புகிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். போகும்போதும் நடுவங்கி கழிக்கும், திரும்ப வரும்போதும் கழிக்கும். கிளையன்ட்டின் வங்கியிலிருந்து ஒரு திருத்தச் செய்தி அனுப்பச் சொன்னால் போதும். உங்கள் வங்கி காரணம் சொல்லாமல் இழுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.