சட்டைப்பையை விடாத கிளிப்

மைப்பேனா பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் கடிதங்கள் நிறைய வந்தன. நிப்பைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பாதிக்கு மேல் மூடியின் கிளிப் பற்றிய கேள்விகள். எனக்கு அதில் நிரம்ப சந்தோஷம்.

கேள்வி: கிளிப்பில் உங்களுக்கு மிகவும் பிடித்த வகை எது? ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

பதில்: உருண்டை முனை கிளிப். யோசிக்காமலே சொல்வேன். நேராக இறங்கி வரும் ஒரு பட்டை, அதன் அடியில் மிளகு அளவுக்கு ஓர் உருண்டை, அவ்வளவுதான். 1920களிலேயே ஷீஃபர் பேனாக்களில் இது உண்டு. இன்றைக்கு பைலட்டின் கஸ்டம் 74, கஸ்டம் 823 இரண்டிலும் அதே அமைப்புதான்.

ஏன் பிடிக்கும் என்றால், என் அப்பாவின் சட்டைகளைச் சொல்ல வேண்டும். எல்லாச் சட்டையிலும் பையின் மேல் விளிம்பில் ஒரே இடத்தில் நூல் பிரிந்திருக்கும். அவருடைய பேனா கிளிப் மெல்லிய தகட்டை வெட்டி மடித்தது, முனை கூர். செருகும்போது ஓர் இழை, எடுக்கும்போது ஓர் இழை என்று வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருந்தது. அம்மா உள்பக்கமாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பார். அந்தத் தையலும் கொஞ்ச நாளில் பிரியும்.

நான் சம்பாதித்து வாங்கிய முதல் நல்ல பேனாவில் உருண்டை முனை இருந்தது. துணிமேல் ஏறும்போது வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கியதும் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷமாகியும் என் சட்டை எதிலும் நூல் பிரியவில்லை. தேய்ந்தது உருண்டைதான். கீழ்ப்பக்கத்தில், துணி உரசும் இடத்தில் மட்டும், எள் அளவுக்குத் தங்க முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இரண்டு மஞ்சளுக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அதற்கு மறுபடி முலாம் பூச எனக்கு மனசு வந்ததே இல்லை.

உருண்டைக்குப் பதில் சின்னச் சக்கரமே வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வால் எவர்ஷார்ப் அந்தக் காலத்திலேயே செய்தது. இத்தாலியின் ஓமாஸும் டெல்டாவும் பின்னால் செய்தன. துணிக்கு அதைவிட இதமானது எதுவும் கிடையாது. ஆனால் அச்சில் பஞ்சிழை சுற்றிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும். ஊசி முனையால் பொறுமையாக எடுக்க வேண்டும்.

கேள்வி: பார்க்கரின் அம்பு கிளிப் வெறும் அழகுக்குத்தானா?

பதில்: அழகுக்குத்தான். ஆனால் அந்த அழகைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். 1933-ல் வேக்குமேட்டிக் பேனாவோடு வந்தது அது. வரைந்தவர் ஜோசஃப் பிளாட். மேலே இறகு, நடுவில் தண்டு, கீழே அம்பு முனை. பெயர் எழுதாமலே பத்தடி தூரத்திலிருந்து இன்ன பேனா என்று சொல்ல வைத்தார்கள். 1941-ல் பார்க்கர் 51 பரவலாக விற்பனைக்கு வந்தபோதும் அம்பு கூடவே வந்தது. பழைய 51 ஒன்று உங்கள் கைக்கு வந்தால் கிளிப்பின் மேல்பகுதியைப் பாருங்கள். நீல நிறத்தில் ஒரு சாய்சதுரம் இருந்தால், அது ஆயுள் உத்தரவாதத்தோடு விற்ற பேனா. 1940களின் பிற்பாதிக்குப் பிறகு வந்தவற்றில் அது இருக்காது. பழைய பேனாவின் வயதைக் கணிக்க நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

உருவத்தை வைத்தே அடையாளம் காட்டும் கிளிப்பில் இன்னும் இரண்டு சொல்லலாம். பெலிக்கன் பேனாவில் கூழைக்கடாவின் நீண்ட அலகு. விஸ்கோன்டியில் ஃபுளோரன்ஸ் நகரத்து பொன்டே வெக்கியோ பாலத்தின் வளைவு. அலகு எனக்குப் பிடிக்கும், விரலுக்கும் துணிக்கும் உறுத்தாது. பாலம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: சில பழைய பேனாக்களில் கிளிப் மூடியின் உச்சியிலிருந்தே வளைந்து இறங்குகிறதே, ஏன்?

பதில்: அமெரிக்க ராணுவச் சட்டையின் பைக்கு மேல் மடிப்பு உண்டு. அதைப் பொத்தான் போட்டு மூட வேண்டும், பேனா வெளியே நீட்டக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஷீஃபர் போன்றவர்கள் கிளிப்பை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். பேனா முழுதும் பைக்குள் இறங்கியது. ராணுவ கிளிப் என்றே அதற்குப் பெயர்.

கேள்வி: என் பேனா கிளிப் தளர்ந்துவிட்டது. குனிந்தால் பேனா விழுகிறது. இடுக்கியால் நெளித்து இறுக்கலாமா?

பதில்: தயவுசெய்து இடுக்கியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். கிளிப் இறுகியது, ஆனால் அது மூடிக்குள் நுழையும் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. மறுநாள் பார்த்தால் விரிசல் இன்னும் நீண்டிருந்தது. அந்த மூடிக்கு மாற்று மூடி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கிளிப் மூடியில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பல பேனாக்களில் கிளிப்பின் மேல்முனை ஒரு வளையமாக இருக்கும். மூடியின் உச்சியில் உள்ள குமிழை அந்த வளையத்தின்மேல் திருகி இறுக்கியிருப்பார்கள். இந்த வகையில் கிளிப் பக்கவாட்டில் ஆடினால் பெரும்பாலும் குமிழ்தான் தளர்ந்திருக்கிறது. ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடித்துக் கையால் இறுக்கினால் போதும். ஆடவில்லை, ஆனால் பிடிப்பு இல்லை என்றால் குமிழைக் கழற்றிக் கிளிப்பைத் தனியாக எடுத்துவிடுங்கள். விரலாலேயே உள்பக்கம் துளி வளைத்து, மாட்டிப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி துளி. மூடியில் இருக்கும்போதே வளைத்தால் விசை முழுக்க மூடிமேல் விழும். எனக்கு நடந்தது அதுதான்.

இரண்டாவது வகையில் கிளிப்பின் காதுகள் மூடியின் இரண்டு பிளவுகள் வழியே உள்ளே போய் மடிந்திருக்கும். 1905-ல் வாட்டர்மேன் கொண்டுவந்த கிளிப்பில் ரிவெட்டே அடித்திருந்தார்கள். இவற்றை நீங்கள் தொட வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மூன்றாவது, உள்ளே ஸ்பிரிங் வைத்துக் கதவு போலத் திறக்கும் கிளிப். 1966-ல் வந்த லாமி 2000 இந்த வகை. கிளிப் ஒரே துண்டு எஃகு. பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால்தான் பெயர் தெரியும். அதில் வளைய வேண்டியது ஸ்பிரிங்தான், கிளிப் இல்லை. அதனால் அவ்வளவு சுலபத்தில் தளராது.

சரி, தளர்ந்தது ஏன்? அனேகமாக நோட்டு அட்டையிலோ தடித்த ஜீன்ஸ் பையிலோ செருகியிருப்பீர்கள். உலோகம் ஓரளவுக்கு விரிந்தால் திரும்பி வரும், அந்த அளவைத் தாண்டினால் விரிந்தது விரிந்ததுதான்.

கேள்வி: லாமி சஃபாரி கிளிப் எனக்குப் பேனா கிளிப் போலவே தெரியவில்லை. உங்கள் கருத்து?

பதில்: முந்தைய கேள்வியைக் கேட்ட வாசகருக்கு அந்தப் பேனாவைத்தான் சிபாரிசு செய்வேன். 1980-ல் வந்தது. காகிதக் கிளிப்பைப் பெரிதாக்கியது போல ஒரே கம்பியை வளைத்துச் செய்தது. எவ்வளவு தடித்த துணியானாலும் ஏறும், மறுபடி பழைய இடத்துக்கு வரும். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும்.

கேள்வி: மூடியைத் திருகி முடித்தால் கிளிப் நிப்புக்கு நேராக நிற்பதில்லை. தயாரிப்புக் குறையா?

பதில்: குறை இல்லை. மூடியின் மரை பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. மூன்று அல்லது நான்கு இடத்தில் தொடங்கும். எதில் மாட்டினாலும் மூடும். மூன்று தொடக்கம் என்றால் கிளிப்புக்கு மூன்று இடம். மூடியை மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். லேசாக ஒரு ‘டிக்’ கேட்கும், அங்கிருந்து திருகுங்கள். நேராக வரவில்லையா, அடுத்த ‘டிக்’. எந்த இடம் என்று கை நாலு நாளில் பழகிக்கொள்ளும்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் நிப்பு வெளியே வரும் பைலட் கேப்லெஸ் வாங்க ஆசை. கிளிப் நிப்புப் பக்கத்தில் இருப்பதால் விரல் இடிக்கும் என்கிறார்களே?

பதில்: சிலருக்கு இடிக்கும். 1963-ல் வந்த நாளிலிருந்தே கிளிப் அங்கேதான். மூடி இல்லாத பேனா பையில் நிப்பு மேலே பார்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மை இறங்கிவிடும். கிளிப்பை நிப்புப் பக்கம் வைத்தால்தான் அது நடக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிளிப் உட்காரும்படி பிடிப்பவர்களுக்கு அது வழிகாட்டி மாதிரியே ஆகிவிடும். பேனாவைச் சற்றுத் திருப்பிப் பிடிப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். இப்போதுள்ள பேனாவில், விரல் பிடிக்கும் இடத்தில், நிப்பின் மேல்பக்கத்துக்கு நேராக ஒரு தீக்குச்சியை நாடாவால் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் தீக்குச்சி நினைவே வரவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். நான் திருப்பிப் பிடிப்பவன். எனக்கு நாலு வரியிலேயே தெரிந்துவிட்டது.

கேள்வி: கிளிப் இல்லாத பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்து நிப்பு வளைந்துவிட்டது. கிளிப் இல்லாமல் ஏன் செய்கிறார்கள்?

பதில்: படித்ததும் எனக்கே நெஞ்சு பதறியது. அரக்கு பூசிய பேனாவில் கிளிப்புக்காகத் துளையிட்டால் அந்த வழவழப்பு உடைந்துபோகும். அதனால்தான் ஜப்பானின் நகாயா கிளிப் இல்லாமலும் செய்கிறது. உருளாமல் இருக்க மேலே சின்ன உலோக உருவம் ஒன்றைப் பதித்துக் கேட்டும் வாங்கலாம். காவெக்கோ ஸ்போர்ட் மூடியோ எண்கோணம். தானாகவே நின்றுவிடும், வேண்டுமானால் கிளிப்பைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்கு முந்தைய கான்க்ளின் பேனாவில், மை நிரப்ப உடம்பில் வைத்த பிறை வடிவத் தகடே உருளாமலும் காத்தது.

வளைந்த நிப்பை நீங்களே நிமிர்த்தப் பார்க்காதீர்கள், நிப்பு வேலை தெரிந்தவரிடம் அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை ஒரு துணி உறை தைத்து வையுங்கள். என்னிடம் கிளிப் இல்லாத பேனா ஒன்று இருக்கிறது. எழுதி நிறுத்தும்போதெல்லாம் மூடியை மூடி, விரித்த நோட்டின் நடுப்பள்ளத்தில் கிடத்திவிடுவேன். இதை எழுதும்போதும் அங்கேதான் கிடக்கிறது.