ஸ்கோப் பேஸ் எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது: நீள்தூர ரைஃபிள் கேள்வி பதில்

பேஸ் என்பது ரைஃபிள் மேல் திருகிப் பூட்டும் தளம்; ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகள் அதன் மேல்தான் உட்காரும். அதைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இங்கே பேசுவதெல்லாம் இலக்குப் போட்டிக்கும் உரிமம் பெற்ற வேட்டைக்கும் உரியது. கேட்டவர்களில் பெரும்பாலானோர் எந்த பிராண்ட் நல்லது என்றுதான் கேட்டிருந்தீர்கள். என் பதில் திரும்பத் திரும்ப வேறொரு இடத்துக்கே போகும்: பேஸும் ரிசீவரும் (குழல் பூட்டியிருக்கும் உலோக உடல்) ஒன்றோடொன்று உட்காரும் அந்த இடம். பேஸ் உழைப்பதும் ஏமாற்றுவதும் அங்கேதான்.

அண்ணா, ஸ்கோப்புக்கே 2,000 டாலர் போட்டுவிட்டேன். 40 டாலர் பேஸ் போதாதா? 150 டாலர் பேஸில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பக்கம் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்கோப் பார்க்கும் கோணம் 1 மில்ரேடியன் மாறிவிடும். 100 மீட்டரில் அது 10 சென்டிமீட்டர், 1,000 மீட்டரில் முழுசாக 1 மீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு அசைவுக்கே குண்டு இலக்குப் பலகையை விட்டு வெளியே போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

விலை கூடிய பேஸில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். அடிப்பக்கம் உங்கள் ரிசீவரின் வளைவுக்குச் சரியாகக் கடையப்பட்டிருக்கும். மேலே உள்ள பள்ளங்கள் முழு நீளத்துக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கீழே பின்னுதைப்பைத் தாங்க ஒரு முட்டு இருக்கும். 40 டாலர் பேஸிலும் முதல் இரண்டும் சரியாக அமைந்திருந்தால் தாராளமாக அதையே போடலாம். எப்படிச் சோதிப்பது என்று கீழே சொல்கிறேன்.

அலுமினியமா, இரும்பா? இரும்புதான் காலத்துக்கும் நிற்கும் என்று கடையில் சொன்னார்கள்.

அலுமினியம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்த அலுமினியம் என்று கேளுங்கள். 6061-டி6 வகையின் நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) சுமார் 275 மெகாபாஸ்கல். 7075-டி6 வகையில் அது 500-ஐ ஒட்டி வரும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 7075-இல் செய்து, மேலே கடின அனோடைசிங் கொடுத்த பேஸ் .308, 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டாக்களுக்கு எந்தக் குறையும் வைக்காது.

இரும்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ரிசீவரும் இரும்பு, பேஸும் இரும்பு என்றால் வெயிலிலும் பனியிலும் இரண்டும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும். அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 15 சென்டிமீட்டர் பேஸில் 40 டிகிரி வெப்பநிலை மாறினால் வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர் சொச்சம் வரும். பேஸ் தட்டையாக உட்கார்ந்து, இறுக்கமும் சரியாக இருந்தால் அது இலக்கில் தெரிவதில்லை. உட்காராத பேஸில்தான் அந்த விரிவு தொல்லை தரும்.

எடைக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். இரும்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். எஃப்-டிஆர் என்ற நீள்தூரப் போட்டிப் பிரிவில் ஸ்கோப், பைபாட் (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்) எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அங்கே ஒவ்வொரு நூறு கிராமையும் குழலுக்காகச் சேமிப்பதுதான் புத்திசாலித்தனம். .338 லபுவா மேக்னம், .375 செய்டாக் போன்ற பெரிய உதை உள்ள ரைஃபிள் என்றால், அல்லது ஸ்கோப்பை அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர் என்றால், நான் இரும்பைச் சொல்வேன்.

ஒரே துண்டு ரெயிலா, முன்னும் பின்னும் தனித்தனியாக இரண்டு பேஸா?

நீள்தூரத்துக்கு ஒரே துண்டு. இரண்டு துண்டில் தோட்டா போட இடம் தாராளமாக இருக்கும், வேட்டைக்காரர்கள் அதற்காகவே விரும்புவார்கள். ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் அமைவது ரிசீவர் எவ்வளவு நேராகக் கடையப்பட்டது என்பதைப் பொறுத்தது. கோடு தவறினால் ரிங்குகள் ஸ்கோப் குழாயை வளைத்துப் பிடிக்கும்.

பிகாட்டினி, வீவர் இரண்டும் ஒன்றா? வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காருகிறதே.

உட்காரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டும் ரிங் பூட்டும் பள்ளங்களுக்கான அளவு முறைகள், அதில் வீவர் பழையது. பிகாட்டினி அமெரிக்க ராணுவம் நியூஜெர்சியின் பிகாட்டினி ஆயுதசாலையில் தரப்படுத்தியது, 1995-இல் மில்-ஸ்டாண்டர்ட்-1913 என்ற பெயரில் வந்தது. பிகாட்டினியின் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மில்லிமீட்டர். வீவர் பள்ளம் 4.57 மில்லிமீட்டர்தான், இடைவெளியும் சீராக இருக்கவேண்டும் என்று இல்லை. அதனால் வீவர் ரிங் பிகாட்டினி ரெயிலில் இறங்கும், பிகாட்டினி ரிங் வீவர் பேஸில் இறங்காது. வீவர் ரிங்கைப் பிகாட்டினியில் போட்டால் பள்ளத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். இறுக்கும்போது ரிங்கை முன்பக்கம், அதாவது குழல் முனைப் பக்கம், தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே முட்டி நின்றால் நகர இடமிருக்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் யோசிக்காமல் பிகாட்டினிக்கே போங்கள்.

ஒட்டாவா பக்கம் 1,000 யார்டு சுடத் தொடங்கியிருக்கிறேன் அண்ணா. .308, 175 கிரெயின் எடைக் குண்டு. 20 எம்ஓஏ சாய்வு பேஸ் கட்டாயமா? 40 எடுத்தால் இன்னும் நல்லதா?

உங்கள் ஸ்கோப்பின் மொத்த மேல்கீழ் நகர்வு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். 60 எம்ஓஏ என்று வைத்துக்கொள்வோம். சாய்வில்லாத பேஸில் நடுவிலிருந்து மேலே 30, கீழே 30. உங்கள் தோட்டாவுக்கு 100 யார்டு சீரோவிலிருந்து (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி வைத்த அமைப்பு) 1,000 யார்டுக்கு ஏறத்தாழ 36 முதல் 40 எம்ஓஏ ஏற்றவேண்டும். 30-இல் டரெட் (குறியை ஏற்றி இறக்கும் குமிழ்) நின்றுவிடும், எட்டாது. 20 எம்ஓஏ பேஸ் போட்டால் மேலே 50, கீழே 10. தாராளமாக எட்டும், 100 யார்டு சீரோவும் கைவிட்டுப் போகாது.

அதே ஸ்கோப்புக்கு 40 எம்ஓஏ பேஸ் போட்டால் என்ன ஆகும்? 100 யார்டில் சீரோ செய்ய நடுவிலிருந்து 40 கீழே இறக்கவேண்டும், இருப்பதோ 30. கிட்ட தூரத்தில் சீரோவே செய்ய முடியாது. மொத்த நகர்வு 100 எம்ஓஏ-க்கு மேல் உள்ள ஸ்கோப் இருந்தால் 40-ஐ யோசிக்கலாம். நியூமெக்சிகோவில் ராட்டன் பக்கம் இரண்டு மைல் தூரத்துக்கு, அதாவது 3,219 மீட்டருக்குச் சுடும் போட்டி நடந்திருக்கிறது. அந்த மாதிரி தூரத்துக்குச் சாய்வை மாற்றிக்கொள்ளும் தனி மவுண்ட் தேவைப்படும். உங்களுக்கு அது வேண்டாம். 20 வாங்குங்கள்.

சாய்வு எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டிருந்தார். கண் பக்கம் உயரம், குழல் பக்கம் தாழ்வு. 300 மீட்டருக்குள் மட்டும் வேட்டையாடுகிறவருக்குச் சாய்வில்லாத பேஸே போதும்.

ரெமிங்டன் 700-இல் திருகைப் பெரிதாக்கச் சொல்கிறார் துப்பாக்கி மெக்கானிக். அவசியமா சார்?

ரெமிங்டன் 700-இல் வழக்கமாக வருவது 6-48 திருகு, விட்டம் 3.5 மில்லிமீட்டர். அவர் சொல்வது 8-40, விட்டம் 4.2. குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 40 சதவீதம் கூடும். மேக்னம் தோட்டா, கனமான ஸ்கோப் என்றால் செய்யலாம். கூடவே ஒரு லாபம்: தொழிற்சாலைத் துளைகள் குழலின் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால், பெரிதாக்கும்போது அதையும் நேராக்கிவிடலாம். அதனால் இந்த வேலையைக் கையால் துளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். மில்லிங் மெஷினில் ரிசீவரைப் பூட்டி, அளந்து துளைப்பவரிடம் கொடுங்கள்.

ஆனால் சாதாரண .308-க்கு இது அவசியம் என்று நான் சொல்லமாட்டேன். திருகின் வேலை பேஸை ரிசீவரோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வும், கீழே உள்ள முட்டும்தான் உதையைத் தாங்கவேண்டும். உதை நேராகத் திருகின் மேல் விழுகிற நிலை வந்தால் 8-40 கூட ஒருநாள் அறுந்துபோகும். வாங்கும்போது பேஸைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ரிசீவரின் முன் வளையத்தின் பின் விளிம்பில் முட்டி நிற்கும் சிறு மேடு இருந்தால், அந்தப் பேஸை வடிவமைத்தவர் உதையைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

பேஸ் சரியாக உட்காருகிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? எபாக்ஸி பெட்டிங் எல்லாருக்கும் தேவையா?

இதைத்தான் எல்லாரும் கேட்டிருக்கவேண்டும், இரண்டே பேர்தான் கேட்டிருந்தீர்கள்.

முதலில் ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டை (பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பகுதி) கழற்றி வையுங்கள். ரிசீவர் மேல்பக்கத்தையும் பேஸ் அடியையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். பேஸை வைத்து முன்பக்கத் திருகுகளை மட்டும் இறுக்குங்கள். இப்போது பின்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிகிறதா? ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இருந்தால் செருகிப் பாருங்கள். அப்புறம் முன்பக்கத்தைத் தளர்த்தி, பின்பக்கத்தை மட்டும் இறுக்கி முன்னால் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒளிக்கீற்று தெரியவில்லை, விரலால் தட்டினால் ஆட்டமும் இல்லை என்றால் பெட்டிங், அதாவது இடைவெளியை எபாக்ஸி பசையால் நிரப்புவது, வேண்டாம்.

இடைவெளி இருந்தால் திருகை இறுக்கி அதை மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். மூடும், ஆனால் பேஸ் வில்லாக வளைந்துவிடும். அந்த வளைவு ரிங்குகளுக்குப் போய், அங்கிருந்து ஸ்கோப் குழாய்க்குப் போகும். டரெட் திருப்பினால் கணக்குத் தப்பும், சீரோ மெல்ல மெல்ல நகரும். பலர் ஸ்கோப்பைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு உண்மையான காரணம் பல சமயம் இதுதான்.

பெட்டிங் செய்வது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். பேஸ் தொட்டு உட்காரும் பக்கத்தைத் திருகு போட்டு இறுக்குங்கள். இடைவெளி உள்ள பக்கத்தில் மட்டும் பேஸ் அடியில் உலோகத் துகள் கலந்த எபாக்ஸியை மெல்லப் பூசுங்கள். ரிசீவர் மேலும், திருகுத் துளைகளிலும், அந்தப் பக்கத்துத் திருகுகளிலும் ஒட்டாமல் இருக்க ரிலீஸ் ஏஜென்ட் தடவுங்கள். இதை மறந்தால் பேஸ் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். எபாக்ஸி பூசிய பக்கத்துத் திருகுகளைச் சும்மா துளையில் நிறுத்துங்கள், இறுக்காதீர்கள். இறுக்கினால் பழைய வளைவையே எபாக்ஸியில் அச்செடுத்தது போல ஆகிவிடும். பிதுங்கி வந்ததைத் துடைத்துவிட்டு, ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? த்ரெட்லாக்கர் போடலாமா?

உற்பத்தியாளர் சொன்ன அளவுதான் முதல் சட்டம். அது கையில் இல்லாவிட்டால் 6-48 திருகுக்கு 15 முதல் 20 இன்ச்-பவுண்டு, 8-40-க்கு 25-ஐ ஒட்டி, ரிங் மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பேஸ் திருகுக்கு நீல நிறத் த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடு காட்டவேண்டி வரும். த்ரெட்லாக்கர் ஈரமாக இருக்கும்போது திருகு வழுக்கிக்கொண்டு போகும், அதே டார்க் அளவுக்குக் கூடுதலாக இறுகிவிடும். அதனால் அளவின் கீழ்ப்பக்கமே நில்லுங்கள்.

முன் திருகு மிக நீளமாக இருந்தால் குழல் நூலில் முட்டும் அல்லது போல்ட் லக்கை (போல்ட் பூட்டிக்கொள்ளும் முளை) தடுக்கும். பூட்டி முடித்ததும் போல்ட் தடையில்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள்.

டிக்கா டி3எக்ஸ் வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் 17 மி.மீ. பள்ளத்திலேயே ரிங் போடலாமா?

வேட்டைக்குப் போடலாம், ரிங்கில் உதை தாங்கும் முளை இருக்கும் வகையாகப் பாருங்கள். நீள்தூரத்துக்கு 20 எம்ஓஏ ரெயில் போடுங்கள், திருகுத் துளைகள் ரிசீவரிலேயே இருக்கின்றன.

எல்லாம் சரியாகப் போட்டும் சீரோ நகருகிறது. எங்கிருந்து தேடுவது?

கீழிருந்து மேலே போங்கள். முதலில் ஸ்டாக்கைப் பிடிக்கும் ஆக்‌ஷன் திருகுகள், அப்புறம் பேஸ், அப்புறம் ரிங், கடைசியில்தான் ஸ்கோப். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருபது குண்டு சுட்டுவிட்டுப் பார்த்தால் எந்தக் கோடு உடைந்திருக்கிறது என்று தெரியும். எதுவும் நகரவில்லை, இன்னும் சீரோ தப்புகிறது என்றால் நன்றாக வேலை செய்யும் வேறொரு ஸ்கோப்பை அதே பேஸில் மாட்டிச் சுட்டுப் பாருங்கள். அது நின்றால் குறை முதல் ஸ்கோப்பில்.

கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேன் ஐயா. என்னிடம் இருப்பது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்தான். அதில் பெரிய உதையே இல்லை, ஆனால் ஸ்கோப் பின்னாலேயே நகர்ந்து வருகிறது. ஏன்?

தம்பி, உங்கள் துப்பாக்கி ஸ்கோப்பை இரண்டு பக்கமும் உலுக்குகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும்போது ரைஃபிள் பின்னால் போகும். பிஸ்டன் காற்றில் அமுங்கி நிற்கும்போது ரைஃபிள் சட்டென்று முன்னால் பாயும். அந்த இரண்டாவது உலுக்கலில்தான் ஸ்கோப் பின்தங்கி நகர்கிறது. ரிங்கை மேலும் மேலும் இறுக்கினால் குழாய்தான் நசுங்கும். துப்பாக்கியின் 11 மி.மீ. பள்ளத்துப் பின்பக்கம் ஒரு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அடியில் நிறுத்து முளை உள்ள ஒரே துண்டு மவுண்ட் வாங்கி முளையை அந்தத் துளையில் இறக்குங்கள். துளை இல்லாவிட்டால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப்பர் பூட்டலாம். 11 மி.மீ. என்று பெயர் இருந்தாலும் பள்ளத்தின் அகலமும் கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் வெர்னியரால் அளந்துகொண்டு போங்கள். ஸ்கோப்பும் ஏர் ரைஃபிளுக்கென்று சொல்லி விற்பதாகவே இருக்கட்டும். இந்த இரட்டை உலுக்கலைச் சாதாரண ஸ்கோப்பின் உள்கண்ணாடிகள் தாங்குவதில்லை.