உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது எப்படி? பாம்பன் கைத்தூண்டில்காரருக்கு அதில் என்ன புதுசு?

தூண்டில் நரம்பு, ஈயம், முள், இரை எல்லாம் நம்முடையதுதான். பாம்பன், மண்டபம் பக்கம் கைத்தூண்டில் போட்டவர் புதிதாகக் கற்க வேண்டியது பனிக்கட்டியைத்தான்.

ஆள் நடக்கத் தெளிந்த கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிமன் வேண்டும். வெள்ளையாக நுரைத்தாற்போல் இருந்தால் பலம் பாதிதான். அப்போது இரு மடங்குத் தடிமன் இருக்கிறதா பாருங்கள். ஓடை வந்து சேரும் இடத்தில் நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கும், அங்கே போகவே கூடாது. கடப்பாரையால் முன்னே குத்திப் பார்த்துத்தான் ஒவ்வோர் அடியும் வைக்க வேண்டும்.

துளை 8 அங்குல அகலம் போதும். கடப்பாரையில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டுங்கள். இல்லையென்றால் கடைசிக் குத்தில் கட்டி உடையும்போது அது கை நழுவி ஏரிக்குள் போய்விடும். துளையில் திரும்பப் படியும் பனியைச் சல்லிக்கரண்டியால் அள்ளிக்கொண்டே இருங்கள். விளிம்பில் உரசினால் நரம்பு அறும்.

நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனம். அதனால் சற்றே வெதுவெதுப்பான அந்த நீர் அடியில் தங்கும்; கடல்நீருக்கு இந்தக் குணம் கிடையாது. மீனும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பதால், ஈயம் தரை தட்டியதும் ஒரு முழம் தூக்கி நிறுத்துங்கள். குளிரில் மீன் நம் பாரை போல வெடுக்கென்று இழுக்காது, தயங்கித் தயங்கிக் கடிக்கும். மெல்லிய நரம்பும் சின்ன முள்ளும் இல்லாமல் அந்தக் கடி விரலுக்குத் தெரியாது.