ஒற்றைத் தலைவலி: தடுப்பு மருந்து பற்றிய கேள்விகளுக்கு ஒரு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

ஸ்கேன் படங்களை அனுப்ப வேண்டாம். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் இங்கே சொல்ல மாட்டேன். அது உங்களை நேரில் பார்ப்பவரின் வேலை.

கேள்வி: மாதம் எட்டு ஒன்பது நாள் தலைவலி. மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன். டாக்டர் தினமும் மருந்து சாப்பிடச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம் என்றுதான் நினைக்கிறேன். மாதத்தில் நாலு நாள் வலியால் முடங்கினாலே தடுப்பு மருந்து பற்றி யோசிக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது: வலி மாத்திரை எத்தனை நாள்? பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை மாதம் 15 நாளைத் தொட்டால், டிரிப்டானோ (ஒற்றைத் தலைவலி வந்ததும் போடும் தனி வகை மாத்திரை) காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையோ 10 நாளைத் தொட்டால், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பித்துவிடும். ஒரே நாளில் மூன்று போட்டாலும் கணக்கு ஒரு நாள்தான். நாட்களை எண்ணுங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

கேள்வி: எழுதிக்கொடுத்த மருந்தை இணையத்தில் தேடினால் வலிப்பு மருந்து என்கிறது. எனக்கு வலிப்பே இல்லையே? பயந்துபோய் வாங்கவில்லை.

பதில்: இந்தப் பயத்தால் வீணாகும் மருந்துச் சீட்டுகள் ஏராளம். பழைய தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் வேறு நோய்க்காக வந்தவை. புரோப்ரனலால் இதயத்துக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, டோபிராமேட் வலிப்புக்கு. நெஞ்சுவலிக்குப் புரோப்ரனலால் சாப்பிட்டவருக்குத் தலைவலியும் குறைந்ததை 1960களில் தற்செயலாகக் கவனித்தார்கள்.

எதைத் தருவது என்பது உங்கள் உடம்பில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது. தூக்கம் வராதவருக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் இரட்டை லாபம். வாய் உலரும், எடை கூடலாம். சிறுநீரகக் கல் வந்தவருக்கு டோபிராமேட் தரத் தயங்குவேன். அதில் விரல் நுனி மரமரக்கும், சிலருக்குப் பேசும்போது சொல் சட்டென்று வராது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட், டோபிராமேட் இரண்டும் கருவைப் பாதிக்கும்.

கேள்வி: பத்து நாள் சாப்பிட்டேன், பலனில்லை. நிறுத்தலாமா?

பதில்: சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது வழக்கம். சரியான அளவை எட்டியபின் குறைந்தது இரண்டு மாதம் பொறுங்கள். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றி. அடியோடு மறையும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கேள்வி: சைனஸ் தலைவலிக்கு எந்தத் தடுப்பு மருந்து?

பதில்: குமட்டலும், வெளிச்சம் பட்டால் கூச்சமும் உண்டா? இருந்தால் சைனஸ் என்ற பெயரை முதலில் சந்தேகியுங்கள். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும்.

கேள்வி: வலிக்கு முன் கண்முன்னே வளைந்த ஒளிக்கோடுகள் அரைமணி நேரம் மின்னும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: அந்த மின்னலுக்கு ஆரா என்று பெயர். ஆரா உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அபாயம் இன்னும் அதிகம்.

கேள்வி: சாக்லேட்டை நிறுத்தினால் போதாதா? மருந்து எதற்கு?

பதில்: போதாது. வலிக்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, மூளையில் தாக்குதல் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மேல் ஆசை எல்லாம் அப்போது வரும். ஆசை வந்து சாக்லேட் தின்கிறீர்கள், பிறகு வலிக்கிறது, பழி சாக்லேட் மேல்.

அதே நபர்: அனுபவத்தை மறுக்கிறீர்கள். தின்ற மறுநாள் எனக்குக் கட்டாயம் வரும்.

பதில்: தின்றும் வராத நாட்களை எழுதி வைத்திருக்கிறீர்களா? யாரும் வைப்பதில்லை.

இன்னொருவர்: என் அக்காவுக்குச் சீஸ். அதையும் இல்லை என்பீர்களா?

பதில்: யாருக்குமே எந்த உணவும் தூண்டாது என்று நான் சொல்லவில்லை. மதுவை நானே தவிர்க்கச் சொல்வேன். பட்டினி, தூக்கக் கேடு, மாதவிடாய் ஆகியவை இன்னும் தெளிவான தூண்டுதல்கள். உணவுப் பட்டியலை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் பயந்து பயந்து அரைவயிறு சாப்பிட்டு, அந்தப் பட்டினியாலேயே வலியை வரவழைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நபர்: அப்படியானால் கழுத்து எலும்புத் தேய்மானம்?

பதில்: கழுத்துப் பிடிப்பு தாக்குதலின் தொடக்கத்திலேயே வரும் என்று இப்போதுதானே சொன்னேன். சாக்லேட் விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறேன், பலன் தெரியவில்லை...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி பவர் மாறினால் வருமா?

பதில்: கண் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: புதிதாக வந்துள்ள ஊசிகள் எப்படி?

பதில்: சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுப்பவை. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை என்பதே அவற்றின் சிறப்பு. முதலாவதான எரெனுமாப் 2018இல் வந்தது. அந்தப் புரதத்தின் பங்கைக் கண்டறிந்த எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலசன் நால்வருக்கும் 2021இல் மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது. பக்கவிளைவு குறைவு, எரெனுமாபில் மலச்சிக்கல் வரலாம். மாதம் 15 நாளுக்கு மேல் தலைவலி என்றால் போடாக்ஸும் உண்டு: 12 வாரத்துக்கு ஒருமுறை, தலையிலும் கழுத்திலுமாக 31 இடங்களில். எதைப் போட்டாலும், வலி மாத்திரை நாட்களை எண்ணுவதை விடாதீர்கள்.

கேள்வி: இன்று காலை திடீரென்று, வாழ்நாளில் வராத அளவு வலி. தடுப்பு மருந்து தொடங்கலாமா?

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும், கைகால் பலவீனப்பட்டாலும், 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் நன்றாக இருந்தால் மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். குறிப்பாகப் புரோப்ரனலாலை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.