"பணம் திரும்பக் கிடைக்குமாம்மா?"

கேள்வி: பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கவுண்டரில் கேட்கும் பல கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். போனில் யாரோ ஓடிபி கேட்டு வாங்கி, அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். "பணம் திரும்பக் கிடைக்குமாம்மா?" என்றார். மனசு கேட்காமல் "கிடைச்சிடும் சார்" என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடாதா?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இரக்கத்தில் வந்த வார்த்தைதான், புரிகிறது. ஆனால் அதை நம்பி அவர் வேறெங்கும் புகார் கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால்? என் கவலை அதுதான்.

பணம் வருமா என்பதை உங்கள் மேனேஜராலும் அன்றைக்கே சொல்ல முடியாது. ஆனால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். "வருமான்னு இப்ப சொல்ல முடியலைங்க ஐயா. இனிமே போகாம தடுத்துடலாம், உட்காருங்க" என்று சொல்லியிருக்கலாம். கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கி, எழுத்துமூலம் புகார் வாங்கி, புகார் எண்ணைக் கையில் கொடுத்து, அங்கேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடவைக்க வேண்டும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை மூலம் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கியில் புகார் செய்யும்வரை போன பணம் அவர் நஷ்டம். புகாருக்குப் பிறகும் போனால் வங்கியின் பொறுப்பு. தவறு அவர் பக்கமும் இல்லை, வங்கிப் பக்கமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் அவருக்கு நஷ்டமே கிடையாது. இந்த விதி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அந்தப் பெரியவரின் எண் கணக்கிலேயே இருக்கும். மேனேஜரிடம் சொல்லிவிட்டு இன்றைக்கே கூப்பிடுங்கள். "அன்னிக்கு உறுதியாச் சொன்னது சரியில்லைங்க ஐயா" என்று சொல்லி, 1930-இல் புகார் பதிவானதா என்று கேளுங்கள். வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதையும் சொல்லுங்கள்.

நாமினி இல்லாத டெபாசிட், பழைய கடன் வட்டி மாதிரியான கேள்விகளில் இத்தனை அவசரம் இருக்காது. அதற்காக "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தவராக இருப்பார். கேள்வியையும் போன் எண்ணையும் குறித்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரத்துக்குள் பதில் கிடைக்கவில்லையா? அதையும் போன் செய்தே சொல்லுங்கள்.

மேனேஜர் கேட்டாலும் இதே வழிதான்: "பார்த்துட்டு மூணு மணிக்குள்ள சொல்றேன் சார்." மூன்று மணிக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், மரியாதை எங்கும் போகாது.